காற்புள்ளியும் ‘மற்றும்’ என்னும் களையும்

தாம்பரத்தினின்று பரங்கிமலை வரையில் தொடர்வண்டிப் பாதையின் இருமருங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகள் மிகுந்துள்ளன. அப் பள்ளிகளிற் பயிலும் தமிழ்ப்பிள்ளை, ஓர் ஆங்கிலச் சொல்லின் தோள்மேல் இடவேண்டிய சிறு வளைவை இடம்மாறி இட்டால் சிவப்பு மை அதனைச் சுழிக்கிறது, மதிப்பெண் குறைகிறது, பெற்றோர் கவலுகின்றனர். அதே பிள்ளை தமிழ்த்தாளில் ஒரு பக்கம் முழுதும் முற்றுப்புள்ளி இன்றி எழுதினும், வேண்டாத இடமெல்லாம் காற்புள்ளியைத் தூவினும் கேட்பாரில்லை. ‘தமிழ்தானே!’ என்று விட்டுவிடுகின்றனர். ஆங்கிலக் காற்புள்ளிக்கு உள்ள மதிப்பிற் காற்பங்கும் தமிழ் முற்றுப்புள்ளிக்கு இல்லை. இது வெறும் புள்ளியைப் பற்றிய வழக்கன்று. தமிழ்ப்பிள்ளை தன் மொழியின் அமைப்பை அறிந்து வளர்கிறதா, பிறமொழியின் அமைப்பைத் தன் மொழிமேற் போர்த்துக்கொண்டு வளர்கிறதா என்பதைப் பற்றிய வழக்கு.

இதுபற்றி இருவகைக் கருத்துகள் தமிழரிடையே உலவுகின்றன. நிறுத்தற்குறிகள் ஆங்கிலேயரொடு வந்தவை, ஆகலின் தமிழினின்று அவற்றை அகற்றல் வேண்டும் என்பார் ஒருசாரார். ஆங்கிலத்தில் எவ்வாறு இடுகின்றனரோ அவ்வாறே தமிழிலும் இடல் வேண்டும், அதுவே திருந்திய எழுத்து என்பார் இன்னொரு சாரார். முன்னது பற்று மிகுதியால் வந்த பிழை. பின்னது அடிமை மனத்தால் வந்த பிழை. இரண்டும் குறியின் இயல்பை அறியாமையாற் பிறந்தவையே.

முதற்கண், இக்குறிகள் ஆங்கிலத்தின் உடைமை அல்ல. பண்டைக் கிரேக்கர் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியும் விடாது எழுதினர். கி.மு. 200ஐ ஒட்டி, அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராயிருந்த பைசாந்தியத்து அரிசுட்டோபேனசு என்னும் அறிஞர், உரக்கப் படிப்போர் மூச்சு நிறுத்துதற்கென்று, வரியின் அடியிலும் இடையிலும் மேலும் இடத்தக்க மூவகைப் புள்ளிகளை வகுத்தார். சொற்களிடையே வெளிவிட்டு எழுதும் முறையை 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவியர் பரப்பினர். இற்றைக் காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகிய இரண்டன் வடிவையும் அச்சில் நிலைநிறுத்தியவர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரில் அச்சகம் நடாத்திய ஆல்டசு மனூசியசு. கிரேக்கம் ஈன்று, இலத்தீன் வளர்த்து, இத்தாலி அச்சேற்றிய குறிகளை ஆங்கிலம் கடனாகப் பெற்றது. கடன்பட்டவனையே உரியவன் என்று எண்ணி அஞ்சுவதும் வணங்குவதும் ஒருங்கே அறியாமை.

தமிழரோ குறியின் தேவையை உணராதவர் அல்லர். தொல்காப்பிய எழுத்ததிகாரத்திற் புணரியலின் இறுதி நூற்பாக்கள் இரண்டினையும் ஓர்க. எழுத்து ஒன்றாகவே நின்று பொருள் இரண்டாகப் பிரியும் தொடர்கள் உள. அவை இசை வேறுபாட்டாற் பொருள் வேறுபடும். இன்னதுதான் பொருள் என்று காட்ட எழுத்தினிடத்து வகையில்லை என்பது அவற்றின் கருத்து. இதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு ‘செம்பொன்பதின்றொடி’ என்பது. ‘செம்பொன்’ என்று நிறுத்திப் ‘பதின்றொடி’ என்றால் பத்துத் தொடி எடையுள்ள பொன். ‘செம்பு’ என்று நிறுத்தி ‘ஒன்பதின்றொடி’ என்றால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்து ஒன்றும் மாறவில்லை, நிறுத்தும் இடம் மாறிற்று, பொன் செம்பாயிற்று. எழுத்தால் இயலாததை நிறுத்தம் செய்யும் என்னும் உண்மையை மேலைநாட்டார் வாயிலாகத்தான் தமிழர் அறிந்தனர் என்பது பொய்.

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை; புள்ளி குத்தினால் ஓலை கிழியும். குறியில்லாத அவ் ஏட்டைப் படித்தற்கு உதவியாகப் பொருள்கோள் என்னும் இலக்கணப் பகுதி நின்றது. தொல்காப்பியர் அதனை நான்காக வகுத்தார். நன்னூலார் எட்டாக வகுத்தார். எங்கே நிறுத்துவது, எதனை எதனொடு கூட்டுவது என்பதே அதன் உள்ளீடு. தமிழன் குறியை ஏட்டில் இடவில்லை. படிப்பவன் அறிவில் இட்டான்.

அச்சுப்பொறி வந்தது, உரைநடை பெருகிற்று. ஆசிரியர் அருகிருந்து பாடஞ்சொல்லாத நூல்களைப் பல்லாயிரவர் தாமே படிக்கும் நிலை வந்தது. அந் நிலையில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடை நூல்களிலும் பதிப்புகளிலும் நிறுத்தற்குறிகளை முறையாகக் கையாண்டு வழிகாட்டினார். மரபைக் காப்பதில் அவரினும் உறுதியுடையார் அரியர். அவரே குறியைக் கொண்டார். அக் குறிகட்குத் தமிழில் அமைந்த பெயர்களையும் காண்க. ஆங்கிலப் பெயர்கள் ‘வெட்டிய துண்டு’, ‘உறுப்பு’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் திரிபுகள். ஆங்கிலேயர்க்கே அவற்றின் பொருள் விளங்காது. தமிழிலோ கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவே பெயராயிற்று. பெயரைக் கேட்ட அளவில் எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். வடிவு எவரதாயினும் ஆகுக; தமிழாற் பெயர் பெற்றுத் தமிழுக்குப் பணிசெய்யும் குறி தமிழ்க்குறியே.

இனி, இன்றியமையாத வினா ஒன்று உண்டு. ஆங்கிலத்திற்கு ஏன் இத்துணைக் குறிகள் வேண்டியுள்ளன? பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. இடைக்காலத்தில் அவை பெரும்பாலும் உதிர்ந்துபோயின. உருபு உதிர்ந்த மொழி, சொல் நிற்கும் இடத்தையும் குறியையும் நம்பி வாழ்கிறது. ‘பாட்டி, உண்போம்’ என்று பெயரன் அழைப்பதாகக் கொள்க. ஆங்கிலத்தில் இதனை எழுதிக் காற்புள்ளியை விட்டுவிட்டால், பாட்டியையே உண்போம் என்று பொருள்பட்டுவிடும். பாட்டியின் உயிர் ஒரு காற்புள்ளியில் தொங்குகிறது! தமிழிலோ ‘பாட்டி’ என்பது விளி. ‘பாட்டியை’ என்பது இரண்டாம் வேற்றுமை. புள்ளி இட்டாலும் இடாவிட்டாலும் தமிழ்ப்பாட்டிக்கு இடரில்லை. ஐகாரம் அவளைக் காக்கும்.

இது நகைச்சுவை அளவில் நில்லாது, வழக்கு மன்றம் வரை செல்வது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், மிகைநேர ஊதியம் பெறாத பணிகளைச் சட்டம் ஒன்று வரிசையாக அடுக்கியிருந்தது. பதப்படுத்தல், உலர்த்தல், சேமித்தல் முதலியவற்றை எண்ணிவந்த அச் சட்டம், இறுதியில் ‘அனுப்புதற்கு அல்லது பகிர்தற்குப் பொதிதல்’ என்றும், ‘அனுப்புதற்குப் பொதிதல், அல்லது, பகிர்தல்’ என்றும் இருவகையாகப் படிக்கத்தக்கதாய் நின்றது. இடையே இட்டிருக்க வேண்டிய ஒரு காற்புள்ளி இல்லை. ஓக்கர்சுட்டு என்னும் பால்நிறுமத்தின் வண்டியோட்டிகள், தாங்கள் பகிர்வோரேயன்றிப் பொதிவோர் அல்லர், ஆதலின் மிகைநேர ஊதியம் தமக்கு உண்டு என்று வழக்காடினர். 2017இல் மேன்முறையீட்டு மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 இலக்கம் தாலருக்கு உடன்பாடு ஆயிற்று. சட்டத்தையும் அரைப்புள்ளிகளிட்டுத் திருத்தினர். தமிழில் இவ் இரு பொருளையும் எழுதிக் காண்க: ‘அனுப்புதற்கோ பகிர்தற்கோ பொதிதல்’, ‘அனுப்புதற்குப் பொதிதலும் பகிர்தலும்’. ஒரு புள்ளியும் இடாமலே இரண்டும் ஐயமற விளங்குகின்றன. ஓகாரமும் உம்மையும் செய்யும் பணி அது.

இன்னும் கொடிய வழக்கு ஒன்று உண்டு. அயர்லாந்து விடுதலைப் போராளி ரோசர் கேசுமெண்டு, செருமனியிற் செய்த செயல்கட்காக இலண்டனில் உசாவப்பட்டார். 1351ஆம் ஆண்டின் இரண்டகச் சட்டத்தில், ‘அன்றிப் பிறவிடத்தும்’ என்று பொருள்படும் தொடர் எதனொடு இயையும், அவ்விடத்து நிறுத்தம் உண்டா இல்லையா என்பதே வழக்கின் மையமாயிற்று. 1916 ஆகத்து 3ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு இன்றளவும் வழங்குகிறது. ஆகலின் ஆங்கிலக் குறிகளை எளியவை என்று எண்ணற்க. ஆங்கிலம் எழுத வேண்டியவர் அவற்றை அம் மொழிக்குரிய முறையிற் பிழையறக் கற்றல் வேண்டும்.

தமிழ்ப்பிள்ளை அவற்றில் எங்கே தவறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் தமிழின் அமைப்பை ஆங்கிலத்தில் ஏற்றுவதாலேயே தவறுகிறது என்பது புலப்படும். ‘வந்து, உண்டு, சென்றான்’ என்று வினையெச்சங்களை அடுக்கி ஒரே முற்றால் முடிப்பது தமிழ். அப் பழக்கத்தால், முற்றுப்பெற்ற இரண்டு ஆங்கிலத் தொடர்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறது பிள்ளை. அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ வேண்டும். நீண்ட எழுவாய்க்குப் பின் காற்புள்ளியிட்டு மூச்சு வாங்குவது தமிழில் இழுக்கன்று; ஆங்கிலத்திலோ எழுவாயையும் பயனிலையையும் ஒற்றைக் காற்புள்ளி பிரித்தல் பிழை. ‘தமிழறிந்த ஆசிரியர்’ என்னும் பெயரெச்சத் தொடர், ஆசிரியருள் தமிழறிந்தாரை மட்டும் குறித்தலும் கூடும். ஆசிரியர் எல்லாரும் தமிழறிந்தவர் என்று காட்டலும் கூடும். ஆங்கிலம் எழுத்தில் இவ் வேறுபாட்டைக் காற்புள்ளி ஒன்றாலேயே காட்டிவிடும். அந் நுட்பத்தைக் கற்றுக்கொள்க.

எழுத்தின் தோள்மேல் இடும் காற்புள்ளியோ எல்லார்க்கும் இடறுகல். உடைமையைக் காட்டவும், சொல்லிடை விடுபட்ட எழுத்தைக் காட்டவும் அது வரும். பன்மையைக் காட்ட வாராது. ஒருவனது உடைமையாயின் பன்மை ஈற்றுக்கு ஒப்பான எழுத்தின் முன்னும், பலரது உடைமையாயின் அதன் பின்னும் நிற்பது பெருவழக்கு. ‘அதனுடைய’ என்னும் பொருளுள்ள சிறு சொல்லில் அது வரவே கூடாது. ‘அது இருக்கிறது’ என்பதன் குறுக்கத்தில் வந்தே தீர வேண்டும். ஆங்கிலேயரே தடுமாறும் இடம் இது. அயலில் உள்ள பரங்கிமலையின் ஆங்கிலப் பெயரையே காண்க. பழைய ஆங்கில நூல்கள் தோமையரின் மலை என்று உடைமைப் புள்ளியிட்டு எழுதின. தொடர்வண்டி நிலையப் பலகையில் அப் புள்ளி இல்லை. ‘பரங்கிமலை’ என்னும் தமிழ்ப்பெயரோ புள்ளியும் வேண்டாது, ஐயமும் விளையாது, தொகைச்சொல்லாய் நிமிர்ந்து நிற்கிறது.

ஆங்கிலக் குறியை ஆங்கிலத்தில் இடுவது அறிவு. அதன் தொடரமைப்பைத் தமிழில் நுழைப்பதே கேடு. அக் கேட்டின் முதற்களை ‘மற்றும்’ என்பது. ‘கத்தரி, வெண்டை மற்றும் முருங்கை’ என்று இன்று எழுதாதார் அரியர். பொருள்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கி, இறுதிப் பொருளுக்கு முன் ஓர் இணைப்புச் சொல்லை வைப்பது ஆங்கில நெறி. தமிழுக்கு அது வேண்டுவதில்லை. ‘கத்தரியும் வெண்டையும் முருங்கையும்’ என்பது எண்ணும்மை. உம்மையின்றி அடுக்கின் அது செவ்வெண். செவ்வெண்ணின் இறுதியில் தொகைச்சொல் வருதல் வேண்டும் என்பது தொல்காப்பிய நெறி. ‘கத்தரி, வெண்டை, முருங்கை ஆகிய மூன்றும்’ என்க. இங்குக் காற்புள்ளி தக்க இடத்தில் நிற்கிறது. தொகைச்சொல் எண்ணிக்கையையும் காட்டிப் பொருளைப் பூட்டுகிறது. ‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்கு இலக்கண நூலார் கூறும் பொருள் வினைமாற்றும் அசைநிலையும் முதலியனவே, எண்ணுப்பொருள் அன்று.

‘மற்றும்’ என்பதால் வரும் இழப்பு அழகளவில் நில்லாது. ‘ஆடவர் மற்றும் மகளிர் விடுதி’ என்று ஒரு பலகை தொங்குமாயின், அங்குள்ள விடுதி ஒன்றா, இரண்டா? ‘ஆடவர் விடுதியும் மகளிர் விடுதியும்’ என்றால் ஐயம் ஏது? மெயின் மாநிலச் சட்டத்திற்கு வந்த நோய், உம்மையை உதறித் தள்ளிய தமிழுக்கும் வந்துவிடுகிறது. அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் அரசாணையிலும் இவ் ஐயம் புகுந்தால், அதன் இழப்பைச் சுமப்பவர் அவற்றை நம்பிக் கையெழுத்திடும் எளிய மக்களே. தமிழில் இல்லாத நோயை வரவழைத்து, பின்னர் அதற்கு மருந்தாக ஆங்கிலக் காற்புள்ளியையும் வரவழைப்பது என்ன அறிவு?

அங்ஙனமாயின் தமிழுக்குக் குறியே வேண்டாவோ எனின், வேண்டும். எங்கு வேண்டும் என்று தெரிந்து இடல் வேண்டும். ‘வந்தானா’ என்பதில் ஆகாரமே வினாவைக் காட்டிவிடுகிறது; வினாக்குறி கண்ணுக்கு ஒரு துணை. ஆனால் மேற்கோட்குறியின் நிலை வேறு. ‘என்று’ என்னும் சொல் ஒருவர் கூற்று முடியும் இடத்தைக் காட்டும். தொடங்கும் இடத்தைக் காட்டாது. ‘தலைவர் நான் கேட்டதைத் தரவில்லை என்றார்’ என்று குறியின்றி எழுதினால் குறைகூறியவர் யார்? தலைவர், “நான் கேட்டதைத் தரவில்லை” என்றார் எனின், குறை தலைவருடையது. “தலைவர் நான் கேட்டதைத் தரவில்லை” என்றார் எனின், குறை தலைவர்மேல் பிறர் சொன்னது. குறி மாறினால் வழக்காடியும் எதிர்வழக்காடியும் இடம் மாறுவர். இத்தகைய இடத்தில் குறியைக் கைவிடுவது பற்றன்று, பொறுப்பின்மை.

வல்லெழுத்து மிகுதலும் தமிழில் ஒரு குறியே என்பதைப் பலர் மறந்தனர். ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு. ‘வேலைக் கொடு’ என்றால் கைவேலைத் தருக என்பது. ஒற்று ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது. காற்புள்ளியும் ஒற்றும் ஓரிடத்தில் ஒருங்கு நில்லா. ஒற்று இரு சொல்லைப் பிணைப்பது, காற்புள்ளி பிரிப்பது. ‘ஊருக்குச் சென்ற ஆண்டு’ என்றால் ஒருவன் ஊருக்குப் போன ஆண்டு. ‘ஊருக்கு, சென்ற ஆண்டு வந்தான்’ என்றால் கடந்த ஆண்டில் ஊருக்கு வந்தான். இவ்வாறு ஒற்றும் புள்ளியும் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைக் கற்பித்தால், பிள்ளைகள் வல்லெழுத்து நெறியை உருப்போட வேண்டா, பொருளுணர்ந்தே எழுதுவர்.

‘பழைய தலைமையாசிரியர் வீடு’ போன்ற தொடரில் பழையது வீடா, பழையவர் ஆசிரியரா என்னும் ஐயம் எழும். அங்கும் உடனே காற்புள்ளியைத் தேடி ஓடற்க. ‘தலைமையாசிரியரின் பழைய வீடு’ என்று சொல்லை இடம்மாற்றினால் ஐயம் தானே நீங்கும். ஆகவே நெறி இதுவே: முதலிற் சொல்லமைப்பால் விளக்குக, அடுத்து உருபாலும் உம்மையாலும் ஒற்றாலும் விளக்குக, அதன் பின்னும் ஐயம் நிற்குமாயின் குறியிடுக. நான்கு வியப்புக்குறிகளை அடுக்கி வைப்பதால் வியப்பு நான்கு மடங்காவதில்லை. எழுதியவனின் சொல்வறுமையே புலப்படும்.

இரு மொழிகளையும் அதனதன் இயல்பில் எழுதுதல் இயலுமோ என்று ஐயுறுவார், தாம்பரத்தின் அண்மையிலேயே சான்று காணலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்து வந்தது. அக் கல்லூரி சென்னை நகர்க்குள் இருந்த காலத்தில் அங்குத் தமிழ் கற்பித்தவர் பரிதிமாற் கலைஞர். 1898இல் அங்கு ஆசிரியராய்ச் சேர்ந்து 1911 வரை பணியாற்றியவர் மறைமலையடிகள். 1911இல் அடிகள் பல்லாவரத்திற் குடியேறினார். கேசுமெண்டின் வழக்கு இலண்டனில் நடந்த அதே 1916ஆம் ஆண்டிலேதான் தனித்தமிழ் இயக்கம் அவரால் தொடங்கப்பெற்றது. அவ் அடிகள் ஆங்கிலம் அறியாதவர் அல்லர். தம் தமிழ் நூல்கட்கு விரிவான ஆங்கில முன்னுரைகளையும் தாமே வரைந்தவர். ஆங்கிலம் எழுதுங்கால் ஆங்கிலமாக எழுதினார்; தமிழ் எழுதுங்கால் தமிழாக எழுதினார். ஒன்றை மற்றொன்றன்மேல் ஏற்றவில்லை. 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் இன்று பல்லாவரமும் அடங்கும். அம் மாநகர எல்லைக்குள் தொங்கும் பலகைகளிலேனும் உம்மை உயிர்பெறுவது அடிகட்குச் செய்யும் தக்க கைம்மாறு ஆகும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது பெரிதன்று. பாடநூலிற் ‘குறியிடுக’ என்னும் பயிற்சி வருங்கால், குறியை மட்டும் இடச்சொல்லி விடற்க; அவ்விடத்து அக்குறி ஏன் வேண்டும், அதனை நீக்கி உருபாலோ உம்மையாலோ சொல்ல வழியுண்டா என்று வினவுக. ஆங்கில ஆசிரியரும், தமிழிலிருந்து பிள்ளை கொண்டுவரும் பழக்கம் எது என்றறிந்து திருத்துக. பெற்றோர், ஆங்கிலத்தாளின் சிவப்புச் சுழிக்கு இரங்கும் அளவு, தமிழ்த்தாளிற் சுழிக்கப்படாத பிழைக்கும் இரங்குக. பலகை எழுதுவோரும் அறிவிப்பு வரைவோரும் இன்றே ‘மற்றும்’ என்பதை அடித்து ‘உம்’ இடுக. ஓரெழுத்துச் செலவும் மிஞ்சும்; ஐயமும் அகலும்; தமிழும் தமிழாக நிற்கும்.